ஏரிக்கரையில் ஒரு மீன் தொழிற்சாலை

சில வருடங்களுக்கு முன்னர், வன்னியில் மீள்குடியேறிய ஒரு கிராமத்துக்குப் படிவங்களோடு போயிருந்தேன். குடும்பத்தைத் தலைமை தாங்கி நடத்தும் பெண்களின் வாழ்வாதாரத் தேவைகளைப் பதிவு செய்வதுதான் எனது வேலை. ஓர் அம்மாவின் வீட்டில் தையல் இயந்திரம் ஒன்று சுவரோடு ஒட்டி நின்றது. அதன்மேல் பழைய சேலைத் துண்டு விரித்து, சாமிப் படமும் பிள்ளைகளின் கொப்பிகளும் வைத்திருந்தார்.

"அம்மா, தைக்கிறேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஆருக்குப் பிள்ளை தைக்கிறது? இந்த ஒழுங்கையிலை பதினொரு வீட்டிலை மெசின் நிக்குது. எல்லாருக்கும் ஒரே நாளிலை தந்தவை. நான் கேட்டது மெசினை இல்லை. தூர்ந்துபோன கிணத்தை இறைச்சுத் தாங்கோ எண்டுதான் கேட்டனான். அதுக்கு அவையின்ரை பேப்பரிலை இடம் இல்லையாம்."

நான் என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தேன். அதிலும் கிணற்றுக்கு இடம் இருக்கவில்லை. கோழி வளர்ப்பு, ஆடு வளர்ப்பு, தையல், சிறுகடை, ஏனையவை. 'ஏனையவை' என்பதற்கு எதிரே ஒரு விரற்கடை அளவு கோடு.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த நாட்களில், ஆபிரிக்காவில் ஓர் ஏரிக்கரையில் கட்டப்பட்ட மீன் தொழிற்சாலை பற்றி விரிவுரையில் கேட்டிருக்கிறேன். அன்று அது பரீட்சைக்கு எழுதுவதற்கான ஓர் உதாரணம், அவ்வளவுதான். அந்த அம்மாவின் வீட்டிலிருந்து திரும்பிய பிறகுதான் அதைத் தேடியெடுத்து மறுபடியும் வாசித்தேன். உதவி கொடுக்கும் ஓர் ஐரோப்பிய நாடு, உதவி பெறும் ஓர் ஆபிரிக்க நாடு, இரண்டுக்கும் நடுவே 'பயனாளிகள்' என்று பட்டியலில் எழுதப்பட்ட மக்கள். கொடுத்த நாடு நோர்வே. பெற்ற நாடு கென்யா. எமது வாசகிகளுக்கு நோர்வே என்றவுடன் 2002ஆம் ஆண்டின் சமாதான முயற்சிதான் ஞாபகத்துக்கு வரும். அது வேறு கதை. இது அதற்கு முப்பது வருடங்களுக்கு முன்பே தொடங்கிய கதை.

ஏரி நிறைய மீன், கரையில் பசி

கென்யாவின் வடமேற்கு மூலையில், பாலை நிலத்தின் நடுவே துர்க்கானா ஏரி இருக்கிறது. அதன் நீளம் சுமார் 250 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளை வரை போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர் காலத்தில் அதற்கு றுடோல்ப் ஏரி என்று பெயர். 1975இல் கரையில் வாழும் மக்களின் பெயரையே ஏரிக்கும் இட்டார்கள். தண்ணீர் சற்று உவர்ப்பானது. அதில் பெரும்பகுதி எதியோப்பியாவிலிருந்து வரும் ஓமோ ஆற்றின் நீர். மழை அங்கே அரிது, வெயிலோ ஆளைச் சுடும்.

துர்க்கானா மக்கள் மந்தை மேய்ப்பவர்கள். மாடு, ஒட்டகம், ஆடு, செம்மறி, கழுதை என்று புல்லும் நீரும் இருக்கும் இடம் தேடி நகர்வார்கள். விலங்குகள் அவர்களுக்குப் பாலும் இறைச்சியும் மட்டுமல்ல. எங்கள் சீதன வழக்கத்துக்கு நேர்மாறாக, அங்கே மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டாருக்கு மாடும் ஒட்டகமும் ஆடும் கொடுக்க வேண்டும். நட்பும் உறவும் மந்தையைக் கொடுத்து வாங்கித்தான் கட்டப்படுகின்றன. பஞ்ச காலத்தில் அந்த உறவுகளே கைகொடுக்கும். ஆகவே மந்தை இல்லாதவர் அங்கே வறியவர் மட்டுமல்ல, சபையில் மதிப்பில்லாதவரும்கூட.

மீன்பிடி அவர்களுக்கு அடியோடு தெரியாத தொழில் என்று சிலர் எழுதுவார்கள். அது முழு உண்மையல்ல. விலங்குகளை இழந்தவர்கள் கரையோரத்தில் கூடையால் மீன் பிடித்து உயிர் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் அது இல்லாதவரின் வேலை. நாலு ஆடு சேர்ந்ததும் விட்டுவிட்டுப் போகும் வேலை.

1960களின் தொடக்கத்தில் பெரும் வறட்சி வந்தது. மந்தைகள் அழிந்தன. நிவாரண முகாம்களில் மக்கள் குவிந்தார்கள். வரிசையில் நின்று மா வாங்கிச் சீவிப்பது எப்படி இருக்கும் என்று இந்தச் சஞ்சிகையின் வாசகிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் ஏரிக்கரைக்குக் கொண்டுவரப்பட்டு மீன்பிடிக்கப் பழக்கப்பட்டார்கள். ஏரி நிறைய மீன், கரையில் பசித்த சனம். இதைப் பார்க்கும் எவருக்கும் ஒரு யோசனை தோன்றத்தான் செய்யும்.

நோர்வே வந்தது

நோர்வே கடலோடு வாழும் நாடு. மீன்பிடிப்பது, பதப்படுத்துவது, உறைய வைத்து உலகத்துக்கு விற்பது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த தொழில். ஆகவே பிறருக்கு உதவி செய்யப் புறப்பட்டபோதும் முதலில் மீனையே கையில் எடுத்தார்கள். 1952இல் இந்தியாவோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, இன்றைய கேரளத்தின் கொல்லம் அருகே நீண்டகரையில் அவர்களது முதலாவது பெரிய உதவித் திட்டம் ஆரம்பமானது. 1967இல் எங்கள் காரைநகரில் சீநோர் தொடங்கியது. காரைநகரின் படகுத் தளத்தையும் குருநகரின் வலைத் தொழிற்சாலையையும் எங்கள் தாய்மார் இன்னும் மறக்கவில்லை. சீநோருக்கு ஒரு வசதி இருந்தது. காரைநகரிலும் குருநகரிலும் மீனவர் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். அவர்களுக்குப் படகு தேவைப்பட்டது, வலை தேவைப்பட்டது. பிறகு யுத்தம் வந்து அதையும் குலைத்தது.

துர்க்கானாவில் 1970களின் தொடக்கத்தில் வேலை ஆரம்பித்தது. நோர்வேயின் உதவி நிறுவனமான நோராட், மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கைகொடுத்தது. படகுகளும் வலைகளும் வந்தன. பயிற்றுநர்கள் வந்தார்கள். 1970களின் நடுப்பகுதியில் பேர்கசன் குடா என்ற ஆழமற்ற குடாவில் திலாப்பியா ஏராளமாகப் பட்டது. மக்கள் மீனைப் பிளந்து, உப்பிட்டு, வெயிலில் காயவைத்து விற்றார்கள். கருவாடுதான். வெளியூர் வியாபாரிகள் வந்து வாங்கிப் போனார்கள். இதுவரை பெரிய குறை சொல்வதற்கில்லை. நோர்வேயின் உதவியோடு கிட்டாலே நகரிலிருந்து லொட்வார் வழியாக ஏரியை நோக்கித் தார் வீதியும் போடப்பட்டது. அதுவரை தலைநகரம் எட்டிப் பார்க்காத மாவட்டத்துக்கு அந்த வீதி பெரிய விஷயம்.

அதற்கு அடுத்த படிதான் சிக்கல். கருவாடு மலிவான பண்டம், உறைய வைத்த மீன் நல்ல விலைக்குப் போகும் என்று கணக்குப் பார்த்தார்கள். கலோகோல் என்ற இடத்தில் குளிர் அறைகளோடு நவீன மீன் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. 1981இல் கட்டி முடிந்தது. செலவு சுமார் 22 மில்லியன் அமெரிக்க டொலர் என்று பிற்காலத்தில் ஊடகங்கள் எழுதின.

அது மிகக் குறுகிய காலமே இயங்கியது. மின்சாரக் கம்பி எட்டாத பாலை நிலத்தில், கல்லும் கொதிக்கும் வெயிலில், மீனை உறைய வைக்க எவ்வளவு சக்தி தேவை என்று நினைத்துப் பாருங்கள். மீன் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். ஏரித் தண்ணீர் உவர். உறைந்த மீன் உருகாமல் நைரோபி போய்ச் சேர வேண்டும். எல்லாச் செலவையும் கூட்டிப் பார்த்தபோது, மீனை விற்று வரும் காசு அந்தக் குளிருக்கே போதவில்லை. தொழிற்சாலை நின்றது.

பிறகு ஏரியே பின்வாங்கியது. 1980களின் நடுப்பகுதியில் எதியோப்பியாவில் மழை பொய்த்து ஓமோ ஆற்றின் வரத்துக் குறைந்தபோது, ஆழமற்ற பேர்கசன் குடா வற்றிப்போனது. மீன் பெருகிய இடம் மண்ணானது. ஏரியை நம்பித் தம் விலங்குகளோடு கரையில் வந்து குடியமர்ந்த குடும்பங்கள் பல. அத்தனை மந்தையும் ஒரே இடத்தில் நின்று மேய்ந்ததால் சுற்றுவட்டாரப் புல்லும் அழிந்திருந்தது. மீனும் இல்லை, மேய்ச்சலும் இல்லை. ஏரியின் நீர்மட்டம் பத்தாண்டுக்குப் பத்தாண்டு ஏறி இறங்குவது அந்த மண்ணின் முதியவர்களுக்குப் புதிய செய்தியாக இருந்திருக்காது.

மூடிக் கிடந்த தொழிற்சாலைக் கட்டிடம் பின்னர் ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது. கருவாடு அடுக்கி வைக்கும் களஞ்சியமாக.

கருவாடும் கூடையும்

மந்தை மேய்ப்பவர்களிடம் மீன்பிடியைத் திணித்தார்கள், அதனால் தோற்றது என்று சொல்லி இந்தக் கதையை முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. மீன்பிடி தோற்கவில்லை. குடாவில் தண்ணீர் திரும்பியபோது மீனும் திரும்பியது, கருவாட்டு வியாபாரமும் திரும்பியது. துர்க்கானாக் கருவாடு லொறி ஏறி, கென்யாவைக் கடந்து கொங்கோ வரை விலைபோகிறது. தோற்றது குளிர் அறைதான். மக்கள் ஏற்கனவே செய்துகொண்டிருந்த, வெயிலைத் தவிர வேறெதையும் கேட்காத ஒரு தொழிலை 'பழைய முறை' என்று ஒதுக்கி, அதற்குமேல் ஏறி நின்றது அது. கருவாட்டுக்கு நல்ல உப்பு, மணல் படாமல் காயவைக்கத் தட்டி, பூச்சி அரிக்காத களஞ்சியம், நியாயமான நிறுவை என்று உதவி கேட்டிருக்கக்கூடிய இடங்கள் எத்தனையோ.

மீன்பிடியில் கிடைத்த காசைக் கொண்டு ஆடு வாங்கி, மந்தை வாழ்வுக்குத் திரும்பியவர்களும் உண்டு. திட்டத்தின் பார்வையில் அவர்கள் தொழிலை விட்டுப்போனவர்கள். அவர்களது பார்வையில் எழுந்து நின்றவர்கள். ஓர் அறிக்கையில் 'தோல்வி' என்று எழுதப்படுவது வீட்டில் வெற்றியாக இருக்கலாம். கொடுத்த பசுவை விற்றுப் பிள்ளையின் ரியூசன் காசு கட்டிய தாயை 'திட்டத்தைத் துஷ்பிரயோகம் செய்தவர்' என்று எழுதிய ஒரு கோப்பை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. இந்தத் திட்டத்தைப் பற்றி நான் வாசித்தவற்றில் படகு, வலை, குளிர் அறை பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. பெண்களைப் பற்றி வரிகளைத் தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது. ஆனால் துர்க்கானா வாழ்வில் பெண் செய்யாத வேலை எது? வீட்டைக் கட்டுபவள் அவள்தான். தடியும் ஓலையும் தோலும் கொண்டு கட்டி, இடம்பெயரும்போது கழுதையில் ஏற்றிக்கொண்டு போவாள். பால் கறப்பதும், வற்றிய ஆற்று மணலில் குழி தோண்டித் தண்ணீர் அள்ளுவதும் அவள்தான். ஏரிக்கரையில் மீனைப் பிளந்து காயவைக்கும் கைகளிலும் பெரும்பாலானவை பெண்களின் கைகளே. திட்டமிட்டபடி எல்லா மீனும் உறைந்துபோய் நைரோபிக்குப் போயிருந்தால், அந்தக் கைகளுக்கு என்ன வேலை மிஞ்சியிருக்கும்?

துர்க்கானாப் பெண்களிடம் இன்னொரு தொழிலும் இருக்கிறது. ஆற்றோரங்களில் டூம் பனை என்ற மரம் வளர்கிறது. அது எங்கள் பனைக்கு உறவு. ஒரே பிரிவைச் சேர்ந்தது. ஆனால் எங்கள் பனை போல ஒற்றைத் தண்டாக நிற்காமல் கிளை பிரியும். பழத்தையும் உண்பார்கள். அதன் ஓலையைக் கிழித்துச் சாயமிட்டுப் பெண்கள் கூடை பின்னுகிறார்கள். அந்தக் கூடைகள் நைரோபிக் கடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போகின்றன. இதற்குப் பெரிய கட்டிடம் தேவைப்படவில்லை, டீசலும் தேவைப்படவில்லை. ஓலை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, பின்னல் தாயிடமிருந்து மகளுக்கு வருகிறது. தேவைப்பட்டதெல்லாம் வாங்குபவரிடம் கொண்டு சேர்க்கும் ஒரு வழி. அந்தக் கூடையின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது, எங்கள் ஊர்ப் பெட்டியும் கடகமும்தான் கண்ணுக்குள் வந்தன. எங்கள் பெண்களும் பனை வேலை தெரிந்தவர்கள்தான். அவர்களில் எத்தனை பேரிடம் 'உங்களுக்கு ஏற்கனவே என்ன தெரியும்?' என்று எந்தத் திட்டமும் முதலில் கேட்டிருக்கிறது?

இரண்டு தலைநகரங்களின் கோபம்

1990இல் நடந்தது மீனோடு சம்பந்தமே இல்லாத விடயம். கொய்கி வா வம்வேரே கென்யாவின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர். ஜனாதிபதி டானியல் அரப் மோயின் அரசை எதிர்த்து, நோர்வேயில் தஞ்சம் பெற்று வாழ்ந்தவர். அந்த ஆண்டு ஒக்டோபரில் கென்யாவில் அவர்மீது தேசத்துரோக வழக்குத் தொடரப்பட்டது. நோர்வே ஆட்சேபித்தது. கென்யா சினந்து நோர்வேயுடனான இராஜதந்திர உறவையே முறித்துக்கொண்டது. நோர்வேக்காரர் மூட்டை கட்டினார்கள். துர்க்கானாவில் நடந்துகொண்டிருந்த கிராம அபிவிருத்தி வேலைகளும் அத்தோடு நின்றன. வம்வேரே 1993இல் விடுதலையானார். இரு நாட்டு உறவும் பின்னர் சீரானது. ஆனால் தார் வீதி அதற்காகக் காத்திருக்கவில்லை. பராமரிப்பின்றி அது குன்றும் குழியுமாகி, நெடுங்காலம் பயணிகளின் சாபத்தை வாங்கிக்கொண்டு கிடந்தது.

ஒரு மனிதனின் உரிமைக்காக நோர்வே பேசியது சரியே என்பதுதான் என் எண்ணம். அதற்காகத் துர்க்கானாவின் கிராமப் பெண்கள் விலை கொடுத்தார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உதவி என்பது இரண்டு தலைநகரங்களுக்கு இடையிலான உறவில் தொங்கும் கயிறு. எங்கள் கைக்கு வருவது அதன் நுனி மட்டும்.

நோர்வேயைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பணக்கார நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 வீதத்தை உதவிக்கு ஒதுக்க வேண்டும் என்று 1970இல் ஐக்கிய நாடுகள் சபை கேட்டது. பெரும்பாலானவை இன்றுவரை அந்த அளவை எட்டவில்லை. நோர்வே பல வருடங்களாக 1 வீதத்தை ஒட்டிக் கொடுத்து வருகிறது. துர்க்கானா மீன் தொழிற்சாலையைத் தவறான உதவிக்கு உதாரணமாக எடுத்துப் பேசியவர்களில் நோர்வேக்காரர்களும் இருக்கிறார்கள். தன் பிழையைத் தானே பேசும் நாடுகள் அதிகமில்லை.

2005இல் பாரிஸ் நகரில் கொடுக்கும் நாடுகளும் பெறும் நாடுகளும் கூடி, எதைச் செய்வது என்று தீர்மானிப்பது பெறும் நாடாகவே இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டன. நல்லது. ஆனால் நைரோபி தீர்மானித்தால் துர்க்கானா தீர்மானித்ததாகிவிடுமா? கொழும்பு தீர்மானித்தால் வன்னியின் ஒழுங்கையில் இருக்கும் அம்மா தீர்மானித்ததாகிவிடுமா?

இப்போது காலமும் மாறிவிட்டது. 2025இல் அமெரிக்கா தனது உதவி நிறுவனத்தையே மூடியது. பிரித்தானியா தன் உதவியை 2027இல் தேசிய வருமானத்தின் 0.3 வீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இனி வரும் திட்டங்கள் குறைவாகத்தான் வரும். வருவது எதுவாயினும் தட்டிக்கழிக்க மனம் வராது. இயந்திரம் தந்தால் இயந்திரம், கோழி தந்தால் கோழி. வேண்டாம் என்றால் அடுத்த பட்டியலில் பெயர் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கும் புரிகிறது. அந்தப் பயத்தைப் படிவத்தோடு கொண்டு வருபவர்கள் நாங்கள்தான் என்பதும் புரிகிறது.

அந்த அம்மாவின் படிவத்தில் 'ஏனையவை' என்ற கோட்டில் கிணறு என்று எழுதி, பின்பக்கத்தில் விபரம் எழுதிக் கொடுத்தேன். திட்டத்தில் அது சேரவில்லை. அடுத்த முறை போனபோது கிணறு இறைத்திருந்தது. சீட்டுக் காசை எடுத்து, தம்பி முறையான இருவரைப் பிடித்து அவரே இறைப்பித்திருந்தார். கிணற்றைச் சுற்றி மிளகாயும் கத்தரியும் நின்றன. தையல் இயந்திரத்தின் மேல் சாமிப் படம் அப்படியே இருந்தது.

சென்ற மாதம் வேறொரு கிராமத்தில், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இருந்தேன். சங்கத்துக்கு அரிசி மாவும் மிளகாய்த்தூளும் அரைக்கும் ஆலை ஒன்று தருவதாகச் சொல்லி உத்தியோகத்தர் ஒருவர் வந்திருந்தார். எல்லோருக்கும் சந்தோஷம். நான் துர்க்கானாக் கதையை அவர்களுக்கு முன்னரே சொல்லியிருந்தேன். பொருளாளராக இருக்கும் அக்கா எழும்பினார்.

"ஐயா, கறண்ட் பில் மாதம் எவ்வளவு வரும்? முதல் வருஷம் நீங்கள் கட்டுவியள், அதுக்குப் பிறகு ஆர் கட்டுறது? ஒரு கிலோ அரைக்க நாங்கள் எவ்வளவு எடுத்தால் பில்லுக்குக் காணும்? சந்தியிலை ஏற்கனவே ஒரு மில் இருக்கு, சனம் அதை விட்டிட்டு ஏன் இஞ்சை வரும்?"

அவர் கோப்பைப் புரட்டினார். பிறகு வெளியே போய்த் தொலைபேசியில் யாருடனோ கதைத்தார். திரும்பி வந்து, விபரம் எடுத்துக்கொண்டு அடுத்த கிழமை வருவதாகச் சொன்னார். அக்கா தன் நாலு கேள்விகளையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். செயலாளர் பிள்ளை எழுதி, திகதி போட்டு, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்.